பெரியப்பாவின் ஜெர்மன் முகப்பு

ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்று என் பெரியப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனாலும் திருவட்டாறில் ஒரு ஜெர்மன் வீடு கட்டியே தீருவேன் என்று நின்றார். கொழும்பில் கடை வைத்திருந்தபோது காலண்டரில் பார்த்த படம்தான் காரணம். ஜெர்மனியின் மறுமலர்ச்சிக் காலத்து மாளிகை ஒன்று. கூரையை மறைத்து, இருபுறமும் படிப்படியாக ஏறி உச்சியில் கூம்பும் முகப்பு. படிக்குப் படி சங்குபோலச் சுருண்ட வேலைப்பாடு. நடுவே வரிசையாக ஜன்னல்கள். சுதந்திரம் வந்த மறு வருஷம் காலண்டரும் கையுமாக ஊரில் வந்து இறங்கினார்.

படத்தில் தெரிந்தது முன்பக்கம் மட்டும். ஆகவே அவர் கட்டியதும் முன்பக்கம் மட்டும். பின்னால் அதே பழைய ஓட்டு வீடு. எங்கள் பக்கத்து ஓட்டு வீடுகளில் கூரையின் முக்கோணத்தில் இடைவெளி விட்ட மரச்சட்டங்களால் அழி வைத்திருப்பார்கள். மச்சுக்குக் காற்று அந்த வழியாகத்தான் போகும். பெரியப்பா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் பச்சைச் சாயத்தில் ஜன்னல்களை வரையச் சொன்னார். ஆமாம், வரையத்தான் சொன்னார். என்ன மூளையோ!

"ஜெர்மன்காரன் பாத்தாம்னா அசந்து போவாம்லே," என்று தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திக் காட்டினார்.

அப்பாவும் அவர் அண்ணனான பெரியப்பாவும் பிறந்த வீடு அது; நாங்களும் அங்கேதான் இருந்தோம். அந்த மச்சில்தான் எங்கள் விதைநெல் இருந்தது. அப்பா இறந்தபின் அம்மாவுக்கென்று மிஞ்சியது ஒரே வயல். புரட்டாசியில் விதைத்து மாசியில் அறுக்கும் கும்பப்பூ சாகுபடிக்கு வேண்டிய நெல்லை வைக்கோலில் பொதிந்து, புரி சுற்றிக் கோட்டை கட்டி அடுக்கியிருந்தாள். அது போனால் எங்களுக்குச் சோறு இல்லை.

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை பிடித்தது. முகப்பின் அழகுப் படிகளில் தேங்கிய தண்ணீர், சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே புகுந்து மச்சில் இறங்கியது. அம்மா ஏறிப் பார்த்தபோது முன்வரிசைக் கோட்டைகளில் வெள்ளை வெள்ளையாக முளை. மற்றவை காற்றில்லாமல் புழுங்கி, தொட்டால் சுட்டன.

கீழே வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அத்தான், விதைநெல்லு முளைச்சுப்போச்சு. மிச்சத்துக்காவது காத்து வேணும். சுவரை உடைக்கணும்," என்றாள்.

"கோட்டி பிடிச்சிருக்கா? நெல்லு எங்கயும் கிட்டும். இப்படி ஒரு முகப்பு கிட்டுமா?" என்றார் பெரியப்பா.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா கடப்பாரையோடு மச்சில் ஏறி உள்ளிருந்து இடித்தாள். பச்சை ஜன்னல் ஒன்று பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது. பெரியப்பா மழையில் ஓடிவந்து, "நாலுபேரு பாத்தா என்ன சொல்லுவாவ?" என்று கத்தினார்.

அதுவரை அவர் முகம் பார்த்துப் பேசியிராத அம்மா, ஓட்டை வழியே தலையை நீட்டினாள்.

"ஜெர்மன் வீட்டுக்கு இப்பதான் ஒரு ஜன்னலு வச்சிருக்குன்னு சொல்லுவாவ, அத்தான்."

சொல்லிவிட்டு அடுத்ததையும் இடித்தாள். பிழைத்த நெல் பாதி வயலுக்குத்தான் கண்டது. மறுபாதி அந்த வருஷம் தரிசாகக் கிடந்தது. பெரியப்பா அந்த வரப்பு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.