கால் முறிந்த செய்தி

அந்த வருடம் நான் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் சீனர்களின் போர்ச் சிந்தனை பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். குரோருட் வீட்டுச் சமையலறை மேசையில்தான் என் படிப்பு. கணவருக்கு அதில் துளி அக்கறையும் இருந்ததில்லை. ஒருநாள் மட்டும் மீன் பொரித்தபடி கேட்டார்.

"அப்பிடி என்னத்தைத்தான் படிக்கிறீர்?"

"சண்டைக்கு முதலே எதிரியின்ரை மனசைக் குழப்பவேணும். பலம் இருந்தாலும் இல்லாதமாதிரிக் காட்டவேணும். பொய்த் தகவலும் ஒரு ஆயுதம்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் எங்கள் பகுதித் தமிழர்களின் கரப்பந்தாட்டக் குழுவின் தலைவர். சனிக்கிழமை பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மன் குழுவோடு இறுதிப் போட்டி. எங்களிடம் பந்தை ஓங்கி அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்களோடு இருந்த என் தம்பி.

மறுநாள் கணவர் கடைத்தொகுதியில் எதிரணிக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, "மச்சானுக்குக் கால் சுளுக்கிப்போச்சு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

மாலைக்குள் சுளுக்கு முறிவாகிவிட்டது. அடுத்த நாள் நாட்டின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்டிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் அழுதார். "பிள்ளையின்ரை காலை எடுத்துப்போட்டினமாமே?"

கணவருக்கு ஒரே பூரிப்பு. அந்த நேரம் பார்த்து எதிரணி முழுவதும் திராட்சைப் பழங்களோடு எங்கள் கட்டட வாசலில் வந்து நின்றது. யன்னலால் பார்த்த கணவர் தம்பியைப் பிடித்துச் சோபாவில் தள்ளினார். என் சால்வையைக் கிழித்து அவனுடைய காலில் சுற்றினார். எனக்கு வந்த கோபத்தில் உண்மையாகவே ஒரு காலை முறித்திருப்பேன்.

வந்தவர்களில் ஒருவர் பிசியோதெரபிஸ்ட். பரிவோடு குனிந்து மெல்ல அழுத்தினார். "இஞ்சை நோகுதோ, தம்பி?"

"ஐயோ! அம்மா!" தம்பி அலறினான்.

அவர் அழுத்தியது கட்டுப் போடாத காலை.

எதிரணித் தலைவர் சிரிக்கத் தொடங்கி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டேன்.

போட்டியில் தம்பி எம்பும்போதெல்லாம் வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்: "கால் கவனம்!" சிரிப்பில் அவனால் ஒரு பந்தையும் ஒழுங்காக அடிக்க முடியவில்லை. படுதோல்வி.

ஒரு கிழமை கழித்துத் தூரத்து உறவுக்காரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம்பிதான் பதில் சொன்னான்.

"செத்தவீடு எப்ப, ராசா?"

"ஆரின்ரை செத்தவீடு?"

"கால் எடுத்த பிள்ளையின்ரை. நீர் ஆர் கதைக்கிறது?"

"நான்தான், செத்த ஆள்" என்றான் தம்பி. மறுமுனையில் ரிசீவர் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.