மூன்று வருடம் முன்னதாக

அபிராமபுரத்தில் தணிகாசலத்தின் விளம்பரப் பலகைக் கம்பெனியில் ஸ்தனிஸ்லாஸ் மேற்பார்வையாளர். தியாகராய நகர் ஜவுளிக்கடைகளின் உச்சியில் பெயர்ப்பலகை மாட்டுவதும் சீரியல் விளக்குக் கட்டுவதும் கம்பெனியின் தொழில். அதற்கென்று 1968-இல் துறைமுகத்துப் பக்கம் ஏலத்தில் எடுத்த வண்டி ஒன்று இருந்தது. லாரியின் முதுகில் மடங்கி நீளும் இரும்புக் கை; அதன் நுனியில் இரண்டு ஆள் நிற்கும் தொட்டி. எல்லோரும் அதைக் கொக்கு என்றார்கள்.

கொக்கோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை முழுதாகப் படித்தவர் தாம் ஒருவரே என்று ஸ்தனிஸ்லாஸுக்குப் பெருமை. பத்து வருடம் ஆனதும் வண்டியை அக்கக்காகக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அவர் விரல்விட்டு எண்ணினார். 1978. உடனே திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அப்போது நடந்துகொண்டிருந்தது 1973.

சுவரில் பெரிய அட்டவணை ஏறியது. எந்த வாரம் எந்தப் பாகம், யார் கழற்றுவது, கழற்றிய நட்டை எந்த டப்பாவில் போடுவது, டீ எங்கிருந்து வாங்குவது என்பது வரை ஐந்து நிற மையில் எழுதினார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருபவர்களையும் விடவில்லை. “முன்யோசனைதாங்க முக்கியம்” என்று தொடங்கினால் போதும், கூட்டம் கலையும். அவர் மனைவி மர்சலின், பள்ளிக்கூட டீச்சர், ஒருநாள் கேட்டேவிட்டாள்: “எழுபத்தெட்டுக்கு இவ்வளவு பண்றீங்களே, நாளைக்குக் கெரசின் வாங்கணும், ஞாபகம் இருக்கா?” இல்லை.

1975 அக்டோபரில், தீபாவளிக்கு நான்கு வாரம் இருக்கையில், மெக்கானிக் ராஜரத்தினம் கொக்குக்குப் புதுப் பெயின்ட் அடிக்கப் பழையதைச் சுரண்டினான். இரும்புக் கையின் அடியில் ஒரு பித்தளைத் தகடு வெளிப்பட்டது.

“சார், இங்க வந்து பாரு. அறுவத்திரெண்டுனு போட்டுகீது.”

ஸ்தனிஸ்லாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். செய்த வருடம் 1962. ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தார். ‘பத்து வருடம்’ என்பதன் கீழே அவரே போட்ட சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. கோடு முடிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வண்டி செய்யப்பட்ட தேதியிலிருந்து கணக்கு என்று அச்சாகியிருந்தது. மூன்று வருடம் முன்னதாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்த மனிதர் மூன்று வருடம் தாமதம்.

தகட்டின்மேல் மறுபடியும் பெயின்ட் அடித்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஒரு நிமிடத்தைப் பிற்பாடு சொல்லும்போதெல்லாம் அவர் காதைப் பிடித்துக்கொள்வார்.

“இன்னா சார் யோசிக்கிற? நாளைக்கு உஸ்மான் ரோட்டுல அஞ்சாவது மாடி. நான் ஏறட்டா வாணாமா, நீயே சொல்லு.”

“ஏறாத” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

தணிகாசலம் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவரைக் காட்டினார். “ரெண்டு வருஷமா இத வச்சி எல்லார் உயிரையும் எடுத்தியேய்யா. அஞ்சு கலர்ல எழுதின, வண்டிக்கு என்ன வயசுன்னு பாக்கலியா?”

“பாக்கலீங்க மொதலாளி.”

“சரி, கழட்டு. தீபாவளி வேலைக்குச் சவுக்கு மரத்துல சாரம் கட்டிக்கலாம்.”

கழற்றினார்கள். அட்டவணைப்படி எதுவும் நடக்கவில்லை. நட்டுகள் எல்லாம் ஒரே டப்பாவில்தான் விழுந்தன. ஆறாம் நாள், மேல்கையை மூட்டில் தாங்கும், அச்சாணி போன்ற பெரிய பின்னைக் கெரசினில் ஊறவைத்துத் துடைத்து, ராஜரத்தினம் அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தடவினான். சற்றுப் பொறுத்து, உள்ளே புகுந்திருந்த கெரசின் கசிந்து, வெள்ளையில் முடியளவு ஈரக்கோடு ஒன்று மெல்ல எழுந்தது. விரிசல். பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது.

போன வாரம்வரை அந்தப் பின்னை நம்பித்தான் ராஜரத்தினம் தொங்கிக்கொண்டிருந்தான். ஸ்தனிஸ்லாஸ் அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். “என்னை மன்னிச்சுடு ராஜரத்தினம்.”

“உடு சார். நான் சுரண்டலேன்னா உனக்கு எப்படித் தெரியும்?” அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் அதிகம் சுட்டது.

கிண்டிப் பட்டறையில் புதுப் பின் கடைந்து வர டிசம்பர் ஆகிவிட்டது. மணல்மூட்டை ஏற்றிப் பார்த்தார்கள், கொக்கு தாங்கியது. அடுத்து ஆள் ஏற வேண்டும். “நான்தான் முதல்ல” என்றார் ஸ்தனிஸ்லாஸ். சொன்ன பிறகுதான், ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடத் தாம் அந்தத் தொட்டியில் கால் வைத்ததில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஏணியில் நான்காம் படிக்குமேல் அவருக்குத் தலை சுற்றும்.

ராஜரத்தினமும் கூட ஏறிக்கொண்டான். கொக்கின் கை நீண்டது. தென்னை மட்டைகள் கீழே போயின. ஸ்தனிஸ்லாஸ் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, “மாதாவே, மாதாவே” என்றார்.

“கண்ணத் தொற சார், ஊரே தெரியுது.”

“பாத்துட்டேன், பாத்துட்டேன். எறக்கச் சொல்லு” என்றார், இமையை இறுக்கிக்கொண்டே.