கழுதைக் காதுக் குதிரைகள்

புத்தளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டியூஷன் சென்டரின் விளம்பரப் பலகை இருக்கிறது. ‘கணிதத்தில் வெற்றி’ என்று எழுதி, பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு செஸ் குதிரையின் தலையைப் போட்டிருக்கிறார்கள். கணிதத்துக்கும் குதிரைக்கும் என்ன உறவு என்று கேட்டால் அந்த சென்டர்காரருக்கே தெரியாது. மூக்கு விடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் குதிரை. நுரைச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தினமும் காலையில் அந்தப் பலகைக்குக் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். ஒருநாளும் நான் அதை நேருக்கு நேர் பார்த்ததில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். கூட வருகிற டீச்சர்மார் வெயிலுக்காகத் திரும்பி நிற்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு செஸ் எங்கள் பக்கம் எல்லா வழியாலும் வந்து சேர்ந்தது. இன்சூரன்ஸ்காரன் தருகிற கலண்டரில் குதிரை. போனைத் திறந்தால் விளையாட வாவென்று கூப்பிடுகிற குதிரை. கல்பிட்டி பஸ்ஸின் பின்பக்கத்தில் ஏதோ கோதுமை மா விளம்பரத்துக்குக்கூட ஒரு குதிரை. செஸ் என்றால் அறிவு, அறிவு என்றால் குதிரை என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். ராஜாவையும் கோட்டையையும் யாரும் சீண்டுவதில்லை. பலகையில் முகம் உள்ள காய் அது ஒன்றுதான், அதனால் இருக்கலாம்.

சினிமாவில் வில்லன்மார் எல்லாரும் செஸ் விளையாடுகிறார்கள். எதிரே ஆள் இருக்காது. தனியே உட்கார்ந்து ஒரு காயைத் தூக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். உற்றுப் பார்த்தால், வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு இருக்கும். பலகையையே திருப்பி வைத்துக்கொண்டு நாட்டைப் பிடிக்கத் திட்டம் போடுகிற மனிதனை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும். சிரித்த கையோடு கமெரா குதிரைக்குக் கிட்டப் போகும். போகாமல் இருக்காது. நான் எழும்பி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவேன்.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஒருநாள் செஸ் பெட்டிகள் இருக்கிற அலுமாரியின் சாவியை என்னிடம் தந்தார். “டீச்சருக்கு விளையாட்டுத் தெரியுமாமே” என்றார். தெரியாது என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்குக் காய்களை அடுக்கிக் காட்டுகிறேன். பிளாஸ்டிக் குதிரைகளை மட்டும் கழுத்தில் பிடித்துத் தூக்கமாட்டேன். அடியைப் பிடித்துத்தான் தூக்குவேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நாலு குதிரைகளின் தலையை வெட்டியவள்.

தொண்ணூறில் எனக்குப் பதினொரு வயது. மன்னாரில் இருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பம்; தாயும் ஒரே மகனும். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வாரப் பத்திரிகையில் செஸ் மூலை என்று ஒன்று வரும், அதைப் பார்த்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டான். பிறகு பூவரசம் கட்டையில் பேனாக்கத்தியால் காய்களைச் செதுக்கத் தொடங்கினான். முப்பத்திரண்டு காய். ஒரு பக்கத்துக்குச் சிரட்டைக் கரி பூசினான். எல்லாக் காயும் சுகமாக வந்துவிட்டது, குதிரையில்தான் மாட்டிக்கொண்டான். பத்திரிகையில் இருந்த குதிரை பயற்றங்கொட்டை அளவு, கண்ணும் தெரியாது காதும் தெரியாது. மன்னாரில் குதிரைக்கு எங்கே போவது? தெருவெல்லாம் கழுதைதான். கழுதையைப் பார்த்தே செதுக்கினான்.

நீட்டு நீட்டுக் காதும், அழுது முடித்த கண்ணுமாக நாலு குதிரைகள் வந்தன.

“எடேய், இது கழுதையடா” என்றேன்.

“குதிரை எண்டு நினைச்சுப் பிடி, பாயும்” என்றான்.

அந்த வருடம் ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று தமிழ் இயக்கத்துக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உம்மா உடுப்பை மூட்டை கட்டிக்கொண்டு நின்றபோது, வேலி ஓட்டைக்குள்ளால் ஒரு பிஸ்கட் டின் வந்தது. உள்ளே காய்கள். “நகையைத்தான் பறிப்பாங்கள், கட்டையை ஒருத்தரும் பறிக்கமாட்டாங்கள். கொண்டு போ. வரேக்க கொண்டுவா” என்றான். அவன் சொன்னபடிதான் நடந்தது. கரையில் வைத்து உம்மாவின் காப்பு போனது. டின்னைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். படகில் கல்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து புத்தளத்துக்குப் பக்கத்தில் தில்லையடி அகதி முகாமுக்கு வந்தோம்.

தில்லையடியில் எங்களுக்கு ஒரு கிடுகுக் கொட்டில். ஒரே அறை. அதற்குள்தான் சமையல், படுக்கை, தொழுகை எல்லாம். மன்னாரில் இருந்த காலத்தில் வாப்பா மார்க்க விஷயங்களில் இறுக்கமான மனிதர் இல்லை. ஊர் போன பிறகு பயந்துபோனார். எந்தப் பிழைக்காக இப்படி நடந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினார். ஒருநாள் நடுப்பகலில் லுஹர் தொழுதுவிட்டு சலாம் கொடுக்கத் திரும்பியவருக்கு எதிரே என் குதிரைகள் நாலும் நின்றன.

“இதுக்குக் கண்ணும் காதும் இருக்கு மகள். உருவம் இருக்கிற வீட்டுக்கு ரஹ்மத்துடைய மலக்குமார் வரமாட்டாங்க” என்றார். அல்லாஹ்வின் அருளோடு இறங்கும் வானவர்கள். அந்த நேரத்தில் எங்களுக்கு அவர்களைத் தவிர வேறு ஆதரவு இல்லை. “தலைய எடுத்துட்டா உருவம் இல்ல, வெறும் கட்டை. இல்லாட்டி முழுசாக் கொண்டுபோய் யாருட்டயாவது குடுத்துவை.”

கொடுத்து வைத்திருக்கலாம். அடுத்த ஒழுங்கையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது, வாங்கி வைத்திருப்பார்கள். ஆனால் எனக்கு விளையாட்டு வேண்டும். குதிரை இல்லாமல் செஸ் இல்லை. மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து, நானேதான் வெட்டினேன். விரலளவு மெல்லிய கழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வெட்டு. வாப்பா தலைகளை வெளியே கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, அவர் வெளியே போன நேரம் கொட்டிலுக்கு உள்ளேயே, கூரையைத் தாங்கிய நடுக்கப்புக்குப் பக்கத்தில், பாய்க்குக் கீழே மணலைத் தோண்டிப் புதைத்தேன். ஊருக்குத் திரும்பிப் போகும்போது எடுத்து ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பாயில்தான் வாப்பா தொழுவார்.

அடுத்த மழைக்கு உம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் கிடந்தார். அந்தப் பதினெட்டு நாளும் நான் கப்பின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருளின் மலக்கு இந்த வீட்டுக்கு வரமாட்டார், என்னால்தான் வரமாட்டார், எடுத்து வெளியே எறி என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அந்த இடத்தில் உம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள், எப்படித் தோண்டுவது? யாரிடம் சொல்வது? உயிரை எடுக்கிற மலக்குக்கு மட்டும் ஒரு தடையும் இருக்கவில்லை. அவர் வந்தார். உம்மா மௌத்தாகிவிட்டார்.

இப்போது எனக்கு டைபாய்ட் கிருமி தெரியும், தண்ணீரைக் கொதிக்க வைக்காத குற்றம் தெரியும். பிள்ளைகளுக்கும் அதைத்தான் படிப்பிக்கிறேன். தெரிந்து என்ன? படுத்தால் கழுத்தில்லாத நாலு முகம் மணலுக்குள்ளிருந்து என்னைப் பார்க்கும்.

பிறகு அதே இடத்தில் வாப்பா கல் வீடு கட்டினார். சீமெந்து போடுகிற அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. திறக்கவில்லை. வாளி வாளியாகக் கலவையை ஊற்றி மேசன் மட்டப்பலகையால் இழுத்தார். கப்பு நின்ற இடம் ஹோலின் நடுவாகிவிட்டது. வாப்பா தொழுகைப் பாயை அங்கேயே விரித்தார்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் பத்திரிகைகளைப் பிரித்தால் ‘காய் நகர்த்தல்’ என்ற சொல்தான். அவர் காய் நகர்த்துகிறார், இவர் காயை இழந்தார், இறுதி ஆட்டம் என்று படம் போட்டு எழுதினார்கள். ஒரு பத்திரிகையில் வன்னி வரைபடத்தின்மேல் கட்டங்கள் கீறி, நடுவில் ஒரு குதிரையை வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளை அடுப்பில் வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பையன் அந்தக் கட்டங்களுக்குள் எங்கேயோ இருந்தான். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

போர் முடிந்து நாலைந்து வருடம் போயிருக்கும். கல்பிட்டிப் பக்கத்துத் தலவில் ஊரில் அன்னம்மாள் கோயில் திருநாள் முடிந்த மறுநாள், லுஹருக்குப் பிறகு, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா எங்கள் கேற்றடியில் நின்றார். மன்னாருக்குப் போய்வந்த எங்கள் ஆட்கள் யாரோ விலாசம் கொடுத்திருக்கிறார்கள். நான் ஆளை மட்டுக்கட்டவில்லை. சாய்மனைக் கதிரையில் கிடந்த வாப்பாதான் குரலை வைத்துக் கண்டுபிடித்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து மாமி. வாப்பாவை எங்கள் ஆட்களைப்போலவே ‘நானா’ என்று அண்ணன் முறையில் கூப்பிட்டவர்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. மகனைக் கேட்டேன்.

“சண்டையின்ர கடைசியில அவன விசாரிக்க எண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள் பிள்ளை. பிறகு ஒரு கதையும் இல்லை. காணேல்லை எண்டு ஒவ்வொரு இடமாப் போய்ப் பதிஞ்சு வச்சிருக்கிறன்” என்றார். “இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டுச் சாமான் எல்லாம் போச்சு. படம்கூட இல்லை. அவன்ர கை பட்டது எண்டு ஒண்டும் என்னட்ட இல்லை.”

தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“இண்டைக்கு பஸ் ஸ்டாண்டில ஒரு பெரிய குதிரைப் படம் கண்டன். கண்டவுடன நெஞ்சு பக்கெண்டுது. பிறகு காதைப் பாத்தன். என்ர பிள்ளையின்ர குதிரைக்குக் காது இப்பிடி இல்லையே. அது வேற. பிள்ளை, அந்தக் காயெல்லாம் வச்சிருக்கிறியே?”

அலுமாரிக்குள்ளிருந்து டின்னை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். அவர் ஒவ்வொரு காயாக எடுத்துத் தடவிச் சேலையில் வைத்தார். சிப்பாய்கள், கோட்டைகள், ராணி. கடைசியில் ஒரு மொட்டைக் கட்டை கையில் வந்தது. வெட்டுமுகத்தைப் பெருவிரலால் தடவினார். மற்ற மூன்றையும் தேடி எடுத்தார்.

“உடைஞ்சு போச்சுதோ பிள்ளை?”

ஓம் என்று சொன்னால் போதும். அவரே வழியைத் திறந்துவிட்டார். மரச்சாமான்தானே, உடைந்துவிட்டது, அவ்வளவுதான். வாப்பாவும் அங்கேயே இருக்கிறார். நான் வாயைத் திறந்தபோது ஓம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

“நான்தான் மாமி வெட்டினேன்” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டில், கத்தி, மணல், சீமெந்து எல்லாம். தலை நாலும் இந்தா இந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது என்று வாப்பாவின் தொழுகைப் பாயைக் காட்டினேன்.

வாப்பா கதிரையில் நிமிர்ந்தார்.

“உங்க உம்மா கிடந்த நேரமும் அது இஞ்சதான் இருந்திச்சா?”

“ஓம் வாப்பா.”

“நீ அத நினச்சுக்கிட்டா இவ்வளவு காலமும் இருந்த?”

நான் அழுதேன். வாப்பா தன் தொழுகைப் பாயைப் பார்த்தார். பிறகு, “கொல்லையில அலவாங்கு கிடக்கு, எடுத்துட்டு வா” என்றார்.

நான் எழும்பினேன். மாமி என் கையைப் பிடித்தார்.

“வேண்டாம், உடைக்காதேங்கோ” என்றார். “அவன எங்க தேடிப் போறதெண்டு எனக்குத் தெரியாது. தலவில் கோயில்லயும் நிண்டு பாத்தன், மடுக் கோயில்லயும் நிண்டு பாத்தன். ஒரு குழி இல்லை, ஒரு சிலுவை இல்லை. அவன் செஞ்சது இதுக்குள்ள பத்திரமாக் கிடக்குதெண்டா, கிடக்கட்டும்.”

நிலத்தில் இறங்கி உட்கார்ந்தார். வாப்பாவின் பாயை மரியாதையாக மடித்து ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையைச் சீமெந்தில் வைத்தார். பிறகு, கோயிலில் வாங்கி வந்த மெழுகுதிரிக் கட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாப்பாவைப் பார்த்தார்.

“நானா, ஒண்டு கொளுத்தட்டே?”

அது வாப்பா தொழுகிற இடம். ஒரு மரக்கண்ணுக்காக மலக்குமார் வராமல் போய்விடுவார்கள் என்று பயந்த மனிதர். என்ன சொல்லி மாமியைச் சமாளிப்பது என்று நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

“கொளுத்துங்க தங்கச்சி” என்றார் வாப்பா.

மாமி திரியைக் கொளுத்தி, இரண்டு சொட்டு மெழுகை நிலத்தில் விட்டு அதில் நட்டார். கச்சான் காற்று ஜன்னலால் வந்து சுடரைச் சாய்த்தது. வாப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னது. வாப்பா முகம் கை கால் கழுவி ஒழு எடுத்துவிட்டு வந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கதிரையில் உட்கார்ந்து, திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் தொழுகை முடிந்து ஆட்கள் தெருவால் போகிற சத்தம் கேட்டது. திரி பாதிக்கு மேல் இருந்தது. மறுபடி சீமெந்தில் வைத்த கையை மாமி எடுக்கவில்லை. வாப்பாவும் எழும்பவில்லை. அது முழுக்க எரிந்து அணைந்த பிறகுதான் பாயை எடுத்து, அந்த இடத்தை விட்டுத் தள்ளி விரித்தார். என் வாப்பா ஒரு தொழுகையைப் பிந்தித் தொழுததை நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.