நிழல் விழுந்த சக்கோத்தாப் பூ

ஜீவனஹள்ளியில் க்ளென்னின் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்ட யாரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை. என் படத்தில் நான் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் லாக்கப்பில் கிடந்த ஆள் மாதிரி இருக்கிறேன். "என் மூஞ்சி இப்படியாம்மா இருக்கு?" என்று படம் எடுத்த சங்கமித்ராவிடம் கேட்டேன். "ரெண்டு காதும் தெரியுது, நிழல் விழல. பாஸாயிடும்ணா" என்றாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, எங்கேயும் நிழல் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் சட்டம். கல்யாணத்துக்கு முன்பே அந்த ஸ்டுடியோவில் சேர்ந்தவள். இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து, மூக்கடியில் இருக்கும் நிழலைக்கூட விரட்டிவிடுவாள்.

நாங்கள் இருவரும் ஒரே காம்பவுண்டில் குடித்தனம். நான் மாடி, அவள் கீழே. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது மனம் விட்டுச் சொன்னாள்: "ஃபாரத்துல ஒட்டறதுக்குத்தாண்ணா என் போட்டோவ வாங்கறாங்க. ஆசைப்பட்டு ஒருத்தராச்சும் சுவத்துல மாட்டணும். ஒரே ஒரு படம் போதும்."

க்ளென் வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் அடிப்பார். எப்போதும் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பனிமலைதான். இந்த வருஷம் அவள் துணிந்து, தான் எடுக்கும் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டாள். "நல்லா வந்தா போடறேன். இல்லன்னா மலைதான்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குக் கேமராவைக் கொடுத்தார். நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம்.

எங்கள் காம்பவுண்டில் ஒரு சக்கோத்தா மரம் இருக்கிறது. பம்ளிமாஸ் என்றால் சிலருக்குப் புரியும். மழை முடிந்ததும் மறுபடி பூத்திருந்தது. வாசனை மாடிவரை வரும். வீட்டுக்கார லட்சுமம்மாவுக்கு மட்டும் அது மரமே இல்லை, குப்பைத்தொட்டி. "சும்னே ஒரு மொறம் பூவு தெனம் கொட்டுது" என்று கன்னடம் கலந்த தமிழில் அலுத்துக்கொண்டேதான் பெருக்குவார்.

முதல் ஞாயிறு சங்கமித்ரா தொழிலை அப்படியே மரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். பூவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டை, இரண்டு பக்கமும் இரண்டு தெர்மாகோல். பூவுக்குக் காது இருந்திருந்தால் அதையும் தெரியும்படி திருப்பியிருப்பாள்! வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழுந்தது. படத்தைப் பார்த்த க்ளென், "என்னம்மா இது, பஞ்சு உருண்டையா?" என்றார்.

அன்று மாலை முகம் வாடி வந்தாள். எனக்கே கஷ்டமாக இருந்தது. "அடுத்த ஞாயிறோட சரின்னுட்டார்ணா. அப்புறம் பிரஸ்ஸுக்குப் போயிடுமாம்" என்றாள்.

அடுத்த ஞாயிறும் அதே அட்டைகள், அதே ஏற்பாடு. வெயில் பக்கத்து அப்பார்ட்மெண்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும் நேரத்தில் லட்சுமம்மா துடைப்பத்தோடு வந்தார். "எடும்மா இத, பெருக்கணும்" என்று ஒரு பக்கத்துத் தெர்மாகோலையும், பூவுக்குப் பின்னாலிருந்த அட்டையையும் உருவிச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"அம்மா, நிழல் விழும்!" என்று கத்தினாள்.

விழத்தான் செய்தது. ஒரு இலையின் நிழல் பூவில் பாதியை மூடியது. மறுபாதியில் இதழின் தடிமனும் அதன் ஓரச் சுருளும் நடுவிலிருந்த மஞ்சள் மகரந்தமும் தனித்தனியாகத் தெரிந்தன. பின்னால் கரும்பச்சை இலைகள். அவள் பூவைக் குனிந்து பார்த்தாள். மிச்சமிருந்த தெர்மாகோலையும் தானே எடுத்துக் கீழே போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள்.

"பாதி இருட்டா இருக்கே, கஸ்டமர் என்ன சொல்வாங்க?" என்று க்ளென் இழுத்தாராம். "இருக்கட்டும் சார். அந்த இருட்டுலதான் பூவே தெரியுது" என்றாளாம். அவரிடம் அவள் எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை. அவரும் இரண்டு நாள் யோசித்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தார்.

டிசம்பரில் காலண்டர் வந்ததும் முதல் பிரதியை, மரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்த லட்சுமம்மாவிடம் நீட்டினாள். அவர் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம மரமா?"

"ஆமாம்மா."

"பெருக்கிப் பெருக்கி நான் கீழதான் பாத்தேன்" என்று முணுமுணுத்தவர், காலண்டரைத் திருப்பிக் கொடுத்தார். "இது பேடா, வேணாம். நான் மாட்ட மாட்டேன்."

சங்கமித்ராவின் முகம் செத்துவிட்டது.

"வருஷம் முடிஞ்சா காலண்டரத் தூக்கிப் போட்டுடுவாங்க இல்ல? தேதி இல்லாம, பூவ மட்டும் பெருசா போட்டு ஃப்ரேம் பண்ணிக் குடு. ஹால்ல மாட்டறேன்."

"எவ்ளோ பெருசும்மா?" என்று கேட்டாள்.

லட்சுமம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.