உஷ் அண்ணனும் ரொட்டி வண்டியும்

கதவுகளைச் சாத்தி, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, பாட்டு எதுவும் ஓடாத காருக்குள் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுபவர் இருக்கையில் அல்ல, அதற்குப் பக்கத்தில். காரின் சொந்தக்காரர் பொறுமையிழந்து கண்ணாடியைத் தட்டுகிறார். உள்ளே ஒரு விரல் மட்டும் மெல்ல எழுந்து உதட்டுக்குப் போகிறது. "உஷ்..." அந்த விரல் கீழே இறங்கும்வரை யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

கார்களுக்குப் பாட்டுப்பெட்டியும் ஸ்பீக்கரும் பொருத்துவது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் உஷ் அண்ணன். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லையே என்று பக்கத்துக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் காரின் இடது ஸ்பீக்கர் கரகரத்தபோதுதான் நான் முதலில் அங்கே போனேன். உள்ளே ஏறிக் கண்ணை மூடியவர் தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு இறங்கி வந்து, பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் மாதிரி சொன்னார்: "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு தம்பி. கதவுக்குள்ள ஏதோ உருளுது." உள்பலகையைக் கழற்றினால், நான் வீடு முழுக்கத் தேடிய பேனா. அதைத் தொலைத்ததற்காக வாங்கிய திட்டுகளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து காருக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன்.

பட்டறையின் தகரக் கூரையில் நடுவே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் தகடு. பிற்பகல் வெயில் அதன் வழியாக இறங்கும்போது உள்ளே நிற்கும் கார்களெல்லாம் குளத்தடியில் கிடப்பதுபோல் இருக்கும். அந்த வெளிச்சத்தில் அண்ணன் அவசரமே தெரியாமல் நடமாடுவார். வாயில் எப்போதும் ஒரு கிளிப். கதவின் உள்பலகையை இரும்போடு பிடித்துவைக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிளிப் அது. பல்லிடுக்கில் அதை வைத்துக்கொண்டே பேசுவதால் பாதி வார்த்தை நமக்கு, பாதி கிளிப்புக்கு.

எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கார்க் கதவு, மேசை, தண்ணீர்த் தொட்டி, ஒருமுறை என் முதுகு. வீட்டு அலமாரியைத் தட்டிவிட்டு "மேல் தட்டுல துணி கம்மியா இருக்கே" என்பாராம். சொன்னது அண்ணி. அவர்தான் கடையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அண்ணன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அண்ணி மூன்று வாடிக்கையாளர்களிடம் பேசி முடித்துவிடுவார்.

"ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அமைதி இருக்கு தம்பி," என்று அண்ணன் ஒருநாள் சொன்னார். "மொதல்ல அதக் கேக்கணும். பாட்டு அதுமேலதான உக்காரப் போகுது." எனக்குப் புரிந்ததாகத் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் என் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தும் பார்த்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார்தான்.

இந்தத் தொழிலில் ஒரு தனி ஜாதி வாடிக்கையாளர்கள் உண்டு. பெட்டியை வேறெங்கோ வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்து, தாங்களே பொருத்தப் போகிறவர்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டு, "ஒரே ஒரு சின்ன சந்தேகம்" என்று வந்து நிற்பார்கள். மற்ற கடைகளில் இவர்களுக்கு வாசற்படியோடு சரி. வேலையைக் கொடு, இல்லையென்றால் நடையைக் கட்டு. உஷ் அண்ணனோ இவர்களைப் பார்த்தால் மட்டும் வாயிலிருக்கும் கிளிப்பை எடுத்துச் சட்டைப்பையில் போடுவார். தூசி படிந்த கார்க் கண்ணாடியில் விரலாலேயே ஒயர் போகும் பாதையை வரைந்து காட்டுவார். அந்தப் படம் அழியக்கூடாதென்று ஒருவர் மாதக்கணக்கில் காரைக் கழுவாமல் ஓட்டினார்.

"கடை தொறந்து வச்சிருக்கோமா, இல்ல பள்ளிக்கூடம் நடத்துறோமா?" என்பார் அண்ணி.

"கேக்குறாங்கல்ல," என்பார் அண்ணன். அவர் தரப்பில் வாதம் அவ்வளவுதான்.

அப்படிக் கேட்டு வந்தவர்களில் ஒருவர் பேக்கரிக்காரம்மா. விடிவதற்கு முன்பே வேனில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பி, கடை கடையாகப் போட்டுவிட்டு மதியம் திரும்புகிறவர். வேனின் இருக்கை உறையைத் தானே தைத்தவர், கதவுக்குத் தானே பெயின்ட் அடித்தவர். "வீட்ல ஆளுக்கொரு ரூம் இருக்குண்ணா. எனக்கு இந்த வண்டிதான் ரூமு. இதுல பாட்டு மட்டும் ஏன் அடுத்தவங்க வந்து போட்டுக் குடுக்கணும்?" என்று கேட்டார். அண்ணன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத பூரிப்பு. எந்த ஒயர், எவ்வளவு தடிமன், சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் பெட்டியை எங்கே வைப்பது என்று ஒரு பிற்பகல் முழுக்கச் சொன்னார். கிளம்பும்போது, "பியூஸ் போட மறந்துடாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

பேக்கரிக்காரம்மா மறக்கவில்லை. வேன் சில வாரம் அழகாகப் பாடியது. பிறகு ஒரு காலையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே காலடியிலிருந்து புகை. அடுப்பிலிருந்து தட்டு எடுக்கும் தடித்த கையுறை பக்கத்தில் கிடந்ததால், வண்டியை நிறுத்தி, அதை மாட்டிக்கொண்டு பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். உயிருக்குச் சேதமில்லை. காலடி விரிப்பு கருகி, அன்றைய ரொட்டி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம்.

மறுநாள் வேனைப் பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். பேக்கரிக்காரம்மா சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ தேர்வில் தோற்ற பிள்ளை மாதிரி நின்றார். "நீங்க சொன்ன மாதிரி பியூஸ் போட்டேனேண்ணா. போட்டேனே."

போட்டுத்தான் இருந்தார். இருக்கைக்கு அடியில், ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிறமாதிரி, சுத்தமாக. அது எரியக்கூட இல்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பேட்டரி பக்கத்துலன்னு நான் சொல்லல," என்றார்.

பிறகு எனக்கு விளக்கினார். பியூஸ் காப்பாற்றுவது பெட்டியை அல்ல, ஒயரை. எஞ்சினுக்குப் பின்னாலுள்ள இரும்புத் தடுப்பில் ஓட்டை போட்டுத்தான் ஒயர் உள்ளே வருகிறது. ஓட்டையின் விளிம்பு ஒயரை அறுத்துவிட்டால், பேட்டரியின் பலம் முழுவதும் அந்த இடத்தில் பாயும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருந்தால் அந்த நொடியே அறுந்து, நெருப்பு வராமல் தடுத்துவிடும். ஒயரின் மறுகோடியில் இருந்தால் வேடிக்கைதான் பார்க்கும். செருப்புப் போட்டுக்கொள் என்று சொல்கிறவர்கள் காலில் என்று சேர்த்தா சொல்கிறார்கள்? அப்படி விட்டுப்போன வார்த்தை அது.

அண்ணி சத்தம் போடவில்லை. "பாதி சொல்றது சொல்லாததவிட மோசங்க. செஞ்சா முழுசா நாமளே செய்வோம். இல்லன்னா வாயத் தொறக்க வேணாம். அந்தம்மா உயிரோட நிக்கிறாங்க, அதனால பேசிட்டிருக்கோம்." எனக்கு அண்ணனைப் பிடிக்கும். இருந்தாலும் அன்றைக்கு அண்ணி சொன்னதுதான் நியாயம் என்று பட்டது. இப்போதும் அதில் பாதி நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

அதன் பிறகு அண்ணன் வாயிலிருந்து கிளிப் இறங்கவே இல்லை. சின்ன சந்தேகக்காரர்கள் வந்தால் அண்ணி இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். வேலைகள் மளமளவென்று முடிந்தன. அண்ணிக்கே அது பிடிக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் அவர் திட்டுவதை நிறுத்தியிருந்தார். அண்ணன் கார்களுக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"கேக்க முடியல தம்பி. கண்ண மூடுனா வண்டியோட அமைதி வரமாட்டேங்குது. அந்தம்மா கொரல்தான் வருது. போட்டேனே, போட்டேனேன்னு."

பச்சை வெளிச்சத்தில் அவர் முகம் நீருக்குள் தெரிவதுபோல் கலங்கியிருந்தது. காதைப் பறிகொடுத்தவரிடம் போய் ஆறுதலை எப்படிச் சொல்வது?

சில நாளில் பேக்கரிக்காரம்மா திரும்பி வந்தார். விரிப்பைக் கழற்றிவிட்ட வேன், கையில் புது ஒயர்ச் சுருள். அண்ணி முந்திக்கொண்டார். "விட்டுட்டுப் போங்கம்மா. நாங்களே போட்டு வைக்கிறோம். கூலியெல்லாம் வேணாம்."

"இல்லக்கா. நான் போட்டுதான் எரிஞ்சுது. நான் போட்டுதான் அது பாடணும். இல்லன்னா பொட்டியே வேணாம், கழட்டி யாருக்காவது குடுத்துட்டு சும்மா ஓட்டிட்டுப் போறேன்."

"மறுபடி எரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

அண்ணன் கிளிப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "இங்கயே போடட்டும். என் கண்ணு முன்னால. நான் தொட மாட்டேன், ஆனா எல்லாம் சரியா இருந்தாதான் பேட்டரிய மாட்ட விடுவேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க தொடாம இருப்பீங்களா? அடுத்த வீட்டுக் கதவையே தட்டிப் பாக்குற ஆளு. சரி, இருந்து காட்டுங்க. ஒரு வெரல் பட்டாலும் இன்னியோட இந்த சந்தேகக் கச்சேரிக்கு முழுக்கு."

அண்ணன் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வேனுக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

அந்தப் பிற்பகல் என் நினைவில் ஏதோ கனவில் கண்டதுபோலத்தான் இருக்கிறது. அம்மா குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய, அண்ணன் அசையாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த முறை ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்கவில்லை.

"ஸ்குரூவ வலது பக்கமாத் திருப்புங்க."

"தெரியும்ணா."

"தெரியும்னு தெரியும். இருந்தாலும் சொல்லிடறேன்."

ஒயர் முனையில் இடுக்கியால் அழுத்தி மாட்டிய செம்பு வளையம், அம்மா இழுத்துப் பார்த்ததும் கையோடு வந்தது. அண்ணனின் தோள் துள்ளியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். அம்மா மறுபடி அழுத்தினார், மறுபடி கழன்றது. மூன்றாவது தடவை பிடித்தது. பியூஸ் வைக்கும் இடம் வந்தபோது யாரும் சொல்லாமலே, பேட்டரியில் கட்டைவிரலை ஊன்றிக் கையை விரித்து ஒரு சாண் அளந்தார். அண்ணன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அண்ணி ஏற்கனவே துடைத்த கண்ணாடிப் பெட்டியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததென்று அம்மா பேட்டரி ஒயரைக் கையில் எடுத்தார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இருங்க இருங்க. அந்த ரப்பர் வளையம் கீழயே கெடக்கு பாருங்க. ஓட்டைக்கு அத மாட்டாம ஒயர விட்டா மறுபடி அறுக்கும்."

அண்ணிதான். துணியும் கையுமாக வேனுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றிருந்தார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அண்ணனைப் பார்க்காமல் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அம்மா ஒயரை உருவி, வளையத்தை ஓட்டையில் அழுத்தி, மறுபடி கோத்தார். அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பேட்டரி ஒயர் ஏறியது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். என்ன பாட்டு என்று வெளியே தெரியவில்லை. தாழ்ந்த ஒரு பெண் குரல், அதற்கும் கீழே ஒரு மெல்லிய அதிர்வு. அவர் தலையைச் சாய்த்து, தன் அறையில் இருக்கிறவராக உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏறிக் கேட்டுப் பார்க்க அண்ணன் போகவில்லை. இருந்த இடத்திலேயே, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

டீ வந்தது. வாங்கிக்கொள்ள அண்ணன் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து உருவினார். இரண்டும் மரத்துப்போயிருந்தன, விரல்கள் மடங்கவில்லை. தம்ளர் கையில் நிற்காமல் சரிந்தது. அண்ணி அதைப் பிடித்து, ஒருமுறை ஊதி, அவர் உதட்டருகே கொண்டுபோனார்.