பக்கத்தில் பழுப்பாக ஒரு வேட்டி

முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. போன வாரம் அதில் இன்னும் ஒரு படி ஏறினேன் — நோயாளி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே படுத்திருப்பவன் என் தம்பி. தம்பி என்றால், எனக்குச் சற்று நேரம் பின்னால் பிறந்தவன். இரட்டையர். ஒரே மூக்கு, ஒரே தொப்பை. சாலை பஜாரில் எங்கள் ஜவுளிக்கடையை அவன்தான் பார்த்துக்கொண்டான். வருகிறவர்கள், பத்திரிகையில் எழுதுகிற நான்தான் அவன் என்று நினைத்துக்கொண்டு அவனிடம், "இந்த வாரம் எழுதினது சுமார்தான்" என்பார்கள். அவனும் பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வான்.

இப்போது அவன் பாதியாகிவிட்டான். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு... இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொல்லியாயிற்று. பார்த்து வருந்துவானே என்று அறையிலிருந்த கண்ணாடியை எடுத்துவிட்டோம். என்ன பிரயோஜனம்? தினமும் சாயங்காலம் நான் மீசையும் தொப்பையுமாகப் போய் எதிரே உட்காருகிறேனே. அவன் பார்வை என் கன்னத்தை விட்டு நகராது.

ஜவுளிக்கடை மூளை வேலை செய்தது. சுமாரான வேட்டியை விற்க என்ன செய்வோம்? பக்கத்தில் அதைவிடப் பழுப்பான ஒன்றை விரிப்போம். முதல் வேட்டி சட்டென்று வெளுத்துவிடும். முகமும் அப்படித்தானே, பக்கத்து முகத்தை வைத்துத்தானே தெரிகிறது? அப்படியென்றால்... பழுப்பாக வேண்டியது நான்தான்.

ஷேவிங்கை நிறுத்தினேன். தலைக்கு டை அடிப்பதை விட்டேன். மைத்துனனின் தொளதொள சட்டைக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தேன். வராந்தாவில் புதிதாக வந்த மலையாள நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேட்டா, எங்கோட்டா? பெட்டில் போய் கிடக்கு."

என்னை நோயாளி என்று நினைத்து, எங்கே கிளம்பினீர்கள், போய்ப் படுங்கள் என்கிறாள். நடிப்புக்கு நான் வாங்கிய முதல் பாராட்டு. தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"உனக்கும் சொகமில்லியாடே?"

"சேச்சே. சும்மாடே. என் பக்கத்துல நீ கொஞ்சம் தெளிவாத் தெரியட்டும்னுதான்... நம்ம கடை வித்தை, கேட்டியா?"

"கடையில வேட்டி வாங்க ஆள் வரும். இங்க யாருடே வாறா?"

அவன் மெல்லக் கையை நீட்டி என் நரைத்த தாடியைத் தடவினான்.

"டெய்லி நீ வாதில்ல நுழையும்போ, நானே எழும்பி நடந்து வாறது போல இருக்கும். அதத்தான் பாத்துட்டுக் கெடப்பேன்."

அந்தப் பார்வையைப் பொறாமை என்றும் வேதனை என்றும் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எழுத்தாளனாம்!

தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டேன். "அப்போ நாளைக்கு எப்படிடே வரணும்?"

"நான் இருந்தது போல வா."