கிராக்குப் பொண்ணு சினிமாவுக்குப் போறா

முகத்தில் பூசிய வெள்ளைக் களிமண் காய்ந்துவிட்டால் சிரிக்க முடியாது. கன்னம் இழுக்கும்... வாயோரம் வெடிக்கும். பொம்மை வேஷம் போட்டவர்கள் எல்லாரும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டெல்லா மட்டும் சிரித்துச் சிரித்து, மறுபடி பூசிக்கொள்வாள்.

எங்கள் மாதா கோயில் பங்கு இளைஞர் குழு போட்ட பாட்டு நாடகம் அது. 'சூளைக்குள்ள ஒரு கல்யாணம்'. சூளையில் வேகும் இரண்டு பீங்கான் பொம்மைகள் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. எழுதியவன் என் நண்பன் வின்சென்ட். மணப்பெண் ஸ்டெல்லா, என் மனைவி. நான் செராமிக் டிப்ளமோ படித்தவன். மைக், ஸ்பீக்கர், ஒயர் என் பொறுப்பு.

முதல் முறை கோயில் திருவிழாவில் போட்டோம். மாப்பிள்ளைப் பொம்மை, பெண்ணின் கையிலிருக்கும் பீங்கான் கோப்பையைத் தட்டுவான். 'டங்' என்று கேட்டதும் பாட்டு.

கோப்பை வரும் வழியில் எங்கேயோ இடிபட்டிருக்கிறது. 'தொக்' என்றது.

முன்வரிசையில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பீங்கான் ஆலைகளில் நாள் முழுக்கச் சாமானைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்குகிற வேலை செய்பவர்கள். நாடகம் என்பதையே மறந்து கத்திவிட்டார்கள்.

"கிராக்கு! கிராக்கு! தூக்கிப் போடு!"

மாப்பிள்ளைக்கு வசனம் மறந்துபோனது. ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"தூக்கிப் போடுங்க, தூக்கிப் போடுங்க... உங்க வூட்லதான் வந்து வுழுவேன், மருமவளா!"

விசில்... விசில்... பாட்டு தொடங்கவே விடவில்லை.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே விரிசல் கோப்பையைத்தான் எடுத்துப் போனோம். ஊருக்கு ஒரு பதில் சொல்வாள். திட்டக்குடியில் யாரும் கத்தவில்லை. அவர்களுக்குப் பீங்கானைப் பற்றி என்ன தெரியும்? "இன்னா மாமா, பேசாம இருக்கீங்க? கிராக்குன்னு கத்துங்க!" என்று அவளே கேட்டு வாங்கினாள்.

போன வருஷம் காய்ச்சல் வந்து ஸ்டெல்லா போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறேன்.

போன மாதம் சென்னையிலிருந்து வின்சென்ட் போன் செய்தான்.

"மாப்ள, நம்ம நாடகத்த படமா எடுக்க ஆள் கெடச்சிட்டாங்க. ஸ்டெல்லா தங்கச்சி பாடுன ரெகார்டிங் உன்கிட்ட இருக்குதுல்ல? அந்தக் கொரலயே வச்சிடலாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பழைய குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரே சண்டை. மாப்பிள்ளையாக நடித்த பாஸ்கர் வாய்ஸ் மெசேஜ் போட்டான். "வேணாம்ப்பா. தியேட்டர்ல நாம கிராக்குன்னு கத்துனா ஸ்கிரீன்லேர்ந்து யாரு திரும்பிப் பேசுவா?" தோழியாக நடித்த மேரி விடவில்லை. "நீ சும்மா இரு. உன் மூஞ்சிக்குப் பதிலா வேற மூஞ்சி போடுவாங்கன்னு வயித்தெரிச்சல் ஒனக்கு. எங்க புள்ளைங்க பாக்க வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை ரெகார்டிங்கை லேப்டாப்பில் போட்டேன். சினிமாவுக்குத் தர வேண்டுமென்றால் கூட்டத்தின் சத்தத்தை எடுக்க வேண்டும். எடுத்தேன். விசில் போனது, சிரிப்பு போனது, 'கிராக்கு' போனது. அவள் குரல் மட்டும் சுத்தமாக நின்றது.

"தூக்கிப் போடுங்க, தூக்கிப் போடுங்க..."

யாரிடம் சொல்கிறாள்? எதிரில் யாருமே இல்லை. ஆளில்லாத வீட்டில் தனியாகப் பேசுகிற மாதிரி இருந்தது. சட்டென்று லேப்டாப்பை மூடிவிட்டேன்.

வின்சென்ட்டைக் கூப்பிட்டேன். "படம் எடுடா. பாட்டெல்லாம் எடுத்துக்கோ. ஸ்டெல்லா கொரல் மட்டும் வேணாம். வேற பொண்ணு பாடட்டும்... அவளுக்குத் தோணுறத அவ பேசட்டும்."

வின்சென்ட் பெரிதாக மூச்சு விட்டான்.

"அப்பாடா! அவ கொரல் வேணாம்னு நானா சொன்னா நீ ஒடஞ்சி போயிடுவன்னுதான்டா கேட்டேன். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம தூக்கமே இல்ல மாப்ள."

"நான் குடுக்கலன்னா நீ வருத்தப்படுவன்னு நான் முழிச்சிக்கிட்டு இருக்கேன், லூசு."

இரண்டு பேரும் சிரித்தோம். என் சிரிப்பை நானே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தக் காலத்தில் மேடைக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றே பழக்கம். நாடகத்தை ஒரு தடவைகூட முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவள் முதுகுதான் தெரியும்... இனி படம் வந்தால் டிக்கெட் எடுத்து, எல்லாரோடும் உட்கார்ந்து பார்ப்பேன். யாரோ ஒரு பெண் பாடுவாள்.

பார்க்க முடியும் என்றுதான் தோன்றுகிறது.